பிளாஸ்திரி ஒட்டிய சுவிட்ச்

சுருக்கென்றதா, இல்லையா? பிலோமினா வலதுகை ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விடை தெரிந்த பிள்ளை வகுப்பில் கையைத் தூக்குவதுபோல ஹாலின் நடுவில் நின்றாள். விரல் விரலாகத்தான் இருந்தது. நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர், மீன்தீனியின் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், வேறொன்றும் இல்லை. பத்து மணிக்கு நாலே நாலு உருண்டை போடு பிலோமி, அஞ்சாவது போட்டுடாதே, அவனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு இந்த மனுஷன் ஒன்பதரைக்குக் கிளம்பிப் போயிருந்தார், மீனுக்கு நீல மருந்தும் உயிரோடு துள்ளுகிற இறாலும் வாங்க. பெண்டாட்டிக்கு இறால் வாங்க ஒருநாளாவது மழையில் போயிருப்பாரா? நாலு உருண்டை போட்டாள். மூன்று ஒழுங்காக விழுந்தன. நாலாவது கண்ணாடியின் உள்விளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. போய்த் தொலை என்று விரலால் தள்ளினாள், விரல் தண்ணீரில் பட்டது, சுருக். அல்லது சுருக் மாதிரி ஏதோ ஒன்று. ஏனென்றால் இந்த விரல்களை நம்ப முடியாது. எட்டு வருஷமாகச் சர்க்கரை. கால் விரலில் ஆரம்பித்த மதமதப்பு கைக்கு வந்து, இப்போதெல்லாம் சும்மா தலையணையில் கை பட்டாலே எறும்பு கடிக்கிறது, மாவு பிசைந்தால் முள் குத்துகிறது, சூடான டம்ளரைப் பிடித்தால் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே இது கரண்டாகவும் இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். இன்னொரு தடவை விரலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். விட்டுப் பார், பார்க்கலாம். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் வந்தாள். தரையை இப்போதுதான் துடைத்திருந்தாள், ஈரம் காயவில்லை, வெறுங்கால். ஈரத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டா தொட்டேன், அட அறிவுகெட்டவளே.

தொட்டிக்குள்ளிருந்து கலெக்டர் அவளைப் பார்த்தது. அப்படிப் பெயர் வைத்தது அவள்தான். நெற்றிக்கு மேலே பரோட்டா மாவை உருட்டி வைத்ததுபோல ஒரு புடைப்பு, தொங்கிய கன்னம், மனு கொடுக்க வந்தவர்களைப் பார்க்கிற பார்வை. வேறென்ன பெயர் வைப்பது? கடைக்காரன் சொன்ன பெயர் பிளவர்ஹார்ன். ஆறு வருஷத்துக்கு முன்னால் கட்டைவிரல் நீளத்தில் பாலித்தீன் பையில் வந்தது, இப்போது ஒரு முழம். கூட இன்னொரு மீனை விட்டால் கொன்றுவிடும், அப்படிப்பட்ட குணம், ஆனால் இவர் கையைத் தண்ணீருக்குள் விட்டால் மட்டும் பூனைக்குட்டி மாதிரி உள்ளங்கையில் வந்து தலையைக் கொடுக்கும். அந்தப் புடைப்பை இவர் தடவிக்கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு தடவுவார். இந்த முப்பது வருஷத்தில் என் தலையை இப்படித் தடவியதுண்டா என்று ஒருநாள் கேட்டதற்கு, உனக்கும் இப்படி ஒரு கொண்டை வளரட்டும், தடவுறேன் என்றார் அந்தப் பெரிய மனுஷன். திங்கட்கிழமையிலிருந்து கலெக்டருக்கு உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஐப்பசி மழை, தண்ணீர் குளிர்ந்துவிட்டது, சூடு காட்டினால் போய்விடும் என்று கடைக்காரன் ஒரு ஹீட்டரைத் தலையில் கட்டினான். கண்ணாடிக் குழாய், உள்ளே சுருள் கம்பி, மேலே ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு. அது இப்போது தொட்டியின் இடது மூலையில் நட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது, பொட்டு எரிந்தது. கலெக்டர் அதைவிட்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய் வலது மூலையில் சுவரோடு சுவராக ஒண்டியிருந்தது. விழுந்த மூன்று உருண்டைகளையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உனக்கும் சுருக்கென்றதா? சொல்லித் தொலையேன். இந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் யாருக்கும் வாயைத் திறந்து ஒன்று சொல்லத் தெரியாது.

போன் பண்ணிவிடலாம், தண்ணீரில் கை வைக்காதீங்க என்று ஒரு வார்த்தை. அவள் போனை எடுத்து அவர் எண்ணைப் போட்டாள், பிரிட்ஜின் தலையிலிருந்து அவருடைய போன் பாடியது. எடுத்துப் போகவில்லை. இறால் எடுக்கப் பை எடுத்துப் போனார், மருந்துச் சீட்டு எடுத்துப் போனார், குடை எடுத்துப் போனார். சரி, வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். இவர் பேட்டரி தீர்ந்ததா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிற ஆள். அயர்ன் பாக்ஸ் சூடாகிவிட்டதா என்று எச்சில் விரலால் தொட்டுப் பார்க்கிற ஆள். முப்பத்தைந்து வருஷம் பாய்லர் தொழிற்சாலையில் குப்பை கொட்டிய சவரிராயனுக்கு, தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பினதாகச் சரித்திரம் இல்லை. ஆண்டவர் காயத்தையே தொட்டுப் பார்த்துத்தான் நம்பிய தோமையாரின் பெயரை வைத்திருக்கலாம். ஷாக் அடிக்குதுங்க என்று அவள் சொல்லி வாயை மூடுவதற்குள், உன் சர்க்கரை விரலுக்கு எல்லாமே ஷாக்தான், இரு பார்ப்போம் என்று மணிக்கட்டு வரை உள்ளே விட்டுவிடுவார். சொல்லாமல் இருந்தாலும் விடுவார். செருப்பைக் கழற்றும் முன்னால் என்ன தம்பி எப்படி இருக்கே என்று நேரே தொட்டிக்குத்தான் போவார். காலையிலும் கூப்பிட்டுப் பார்த்தார். கலெக்டர் மேலே வரவில்லை. வந்திருந்தால் விட்டிருப்பார். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்த ஆள். அவள் கையில் சுருக்கென்றது அந்த நெஞ்சில் என்னவாகும்? யோசிக்காதே. மணி பத்தே கால். பதினொன்றுக்குள் வந்துவிடுவார்.

நிறுத்திவிட்டால் தீர்ந்தது. சுவரில் தொட்டிக்கு வலப்பக்கம் ஒரே ஒரு சுவிட்ச், தட்டினால் எல்லாம் நின்றுவிடும். ஹீட்டர் நிற்கும், காற்றுப் பம்பு நிற்கும், வடிகட்டி நிற்கும். விளக்கும் நிற்கும். அதுதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். தொட்டிக்கு மேலே, ஆளுயரத்துக்குச் சற்று மேலே, திரு இருதய ஆண்டவர் படம், அதன் கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பு. ஆறு வருஷமாக எரிகிறது. பகலிலும் எரிகிறது. அது இவளுடைய விளக்கு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இவர் குழாய்களுக்கு நடுவில் கிடக்க, இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் பேரம் பேசினாள். அழவில்லை. அழுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. இருதயம் பழுதான ஆளுக்கு இருதய ஆண்டவரிடம்தானே போக வேண்டும், துறை தெரியாமலா மனுக் கொடுப்பது? இவர் பிழைத்து வீடு வந்தால், இவர் உயிரோடு இருக்கிறவரைக்கும் உம்முடைய விளக்கு என் வீட்டில் அணையாது. இவ்வளவுதான் சொன்னாள். நல்ல தமிழில், முற்றுப்புள்ளியோடு. மறுநாள் காலை இவர் கண்ணைத் திறந்து, காப்பியில சர்க்கரை போட்டா கொடுப்பாங்க என்று நர்ஸைக் கேட்டார். வாக்கு வாக்குதான். வெறும் மூடநம்பிக்கை என்று மகள் அனிட்டா புனேயிலிருந்து போனில் சிரிப்பாள், சிரிக்கட்டும், அவளுக்கு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி தெரியாது. கான்வென்டில் கணக்கு எடுத்த சிஸ்டர் மெக்டலின் இருந்தால் இதை நறுக்கென்று தீர்த்துவிடுவார். மழை பெய்தால் தரை நனையும் என்பது சரி, தரை நனைந்தால் மழை பெய்தது என்று எந்தக் கழுதை சொன்னது, எவளோ குடத்தைக் கொட்டியிருக்கலாம் இல்லையா என்பார், ஸ்கேல் பலகையில் அடிக்கும். சரி சிஸ்டர். அதே மாதிரி, விளக்கு எரிகிறது என்பதற்காக அவர் இருக்கிறார் என்று ஆகாது. நல்லது. ஆனால் சிஸ்டர் அதோடு விடவில்லையே. இரண்டையும் இல்லை போட்டுத் திருப்பினால் அது எப்போதும் உண்மை என்றாரே. தரை நனையவில்லை என்றால் மழை பெய்யவில்லை. அவர் இருக்கிறவரை விளக்கு எரியும். ஆகவே விளக்கு எரியவில்லை என்றால். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கி என்ன பிரயோஜனம், இந்த மாதிரி நேரத்தில் வந்து கழுத்தை அறுக்கவா?

தொட்டி பிறகு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாசம் இவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார், ரிடையர் ஆன ஆணும் ஓடாத மிக்ஸியும் ஒன்று என்று அவள் சொன்னதற்குக்கூடச் சிரிக்கவில்லை. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொல்ல, அனிட்டா பணம் அனுப்ப, நாலடித் தொட்டி இரும்பு ஸ்டாண்டோடு வந்து இறங்கியது. பிளக் பாயின்ட் இருந்த சுவர் அது ஒன்றுதான். அங்கே ஏற்கெனவே விளக்குக்கு ஒரு நீட்டிப்புப் பெட்டி இருந்தது. இருக்கிற ஓட்டையில் பம்பைச் செருகினார், வடிகட்டியைச் செருகினார், இப்போது ஹீட்டர். ஹீட்டருக்கு மூன்று முள், பெட்டிக்கு இரண்டு ஓட்டை, அதற்கு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையைச் செருகிச் சரிக்கட்டினார். எர்த்துக்கான அந்த மூன்றாவது முள்ளைத் தெரியாமலா வைத்திருப்பான்? தண்ணீரை ஊற்றியபிறகு தொட்டியை நாலு ஆள் வந்தாலும் அசைக்க முடியாது, பெட்டி அதற்குப் பின்னால் சிக்கிக்கொண்டது, எலி போகலாம், கை போகாது, ஹீட்டர் முள்ளைக்கூட இவர் ஒட்டடைக் குச்சியால் தள்ளித்தான் செருகினார், பிடுங்க வழியில்லை. ஆக மிஞ்சியது சுவரிலிருக்கிற அந்த ஒரு சுவிட்ச். முதல் மாசமே, வீட்டுவேலைக்கு வந்த மோட்சராக்கினி தூசி தட்டுகிற ஜோரில் அதையும் தட்டி அணைத்தாள். அன்றைக்கு பிலோமினா போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைப்பை நிறுத்தியது. அன்றைக்கே சுவிட்சின் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரியைக் குறுக்கே ஒட்டி, அதன்மேல் நகப்பூச்சால், தடியாக, தொடாதே என்று எழுதினாள். நகப்பூச்சு ஏன் என்றால் அது அழியாது. அக்கா மகள் கல்யாணத்துக்கு வாங்கிய ரத்தச் சிவப்பு, அவளுக்கு அது பொருந்தவில்லை, சுவிட்சுக்குப் பொருந்தியது.

போன வருஷம் மழையில் வீட்டின் டிரிப் சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானாக அணைவது, விழ ஆரம்பித்தது. இரண்டு தடவை சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் படத்தின் கீழே இருட்டு. பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறாள், தானாக அணைந்தது அவள் கணக்கில் வராது, இருந்தாலும் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டாள். எங்கேயோ ஈரம் இறங்குதுங்கம்மா, அது விழுறது நல்லதுக்குத்தான், எங்கேன்னு பார்ப்போம் என்றான் எலக்ட்ரீசியன். பார்க்க வேண்டாம், அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடு என்றாள் அவள். வேண்டாங்கம்மா என்றான். கொடுக்கப் போகிறாயா, வேறு ஆளைக் கூப்பிடட்டுமா என்றாள். கொடுத்தான். அதற்கும் முன்னால் இன்வெர்ட்டர். மீனுக்குக் காற்று நின்றுவிடக்கூடாது என்று தாம் பிடிவாதம் பிடித்து வாங்கியதாக இவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆக, பிளாஸ்திரி ஒட்டியது யார்? இவள். டிரிப்பைக் கழற்றச் சொன்னது யார்? இவள். புதன்கிழமை புதன்கிழமை இவள் சகாய மாதா கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்குப் போகிற நேரத்தில்தான் இவர் தொட்டி கழுவுவார், இவளுக்குக் கவிச்சி ஆகாது, தரையெல்லாம் ஈரமாக்கினால் கத்துவாள். அப்படியென்றால், அம்மா, ஆறு வருஷமாக, இரண்டு கையையும் முழங்கை வரை உள்ளே விட்டுக்கொண்டு, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதா? இந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது என்பதால்? இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை? முட்டி போட்டு ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணி உருட்டினேனே, யாருக்காக உருட்டினேன், அந்த நேரம் இங்கே...

பிரிட்ஜின் உறுமல் நின்றது. எதிர்வீட்டு மிக்ஸி பாதிச் சட்டினியில் நின்றது. கரண்ட் போய்விட்டது. பிலோமினாவுக்குச் சோபாவில் உட்கார்ந்துவிடத் தோன்றியது. மின்வாரியமே, நீ நன்றாக இருப்பாய், உன்னை எத்தனை திட்டியிருப்பேன். யாரும் எதையும் அணைக்கவில்லை, தானாகப் போயிற்று, பாவமும் இல்லை பயமும் இல்லை. இப்படி நினைத்து அவள் நிமிர்ந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பம்பு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஹீட்டரின் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், ஒரு தடவை, பீப் என்றது. என்ன விலை கொடுத்து வாங்கினேன் உன்னை. பாவி.

அலமாரியின் மேல் இழுப்பறையில் ஹீட்டரோடு வந்த காகிதம் இருந்தது. இவர் அதையெல்லாம் படிப்பதில்லை, அட்டைப்பெட்டியோடு சுருட்டிப் போட்டுவிடுவார். அவள்தான் எடுத்து வைப்பாள், அச்சில் இருப்பதை அப்படித் தூக்கிப் போட சிஸ்டர்கள் அவளை வளர்க்கவில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டாள். இழுப்பறையில் பிளாஸ்திரிச் சுருள் கையில் தட்டியது, இதுவும் தீர்ந்து அட்டை தெரிகிறது. சவரம் செய்து செய்து இந்த மனுஷன் கன்னத்தில் அப்படி என்னதான் கிழித்துக்கொள்கிறாரோ, மாசத்துக்கு ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது. காகிதத்தில் எறும்பு எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. தண்ணீருக்கு வெளியே ஹீட்டர் எரியக் கூடாது. தண்ணீர் மாற்றுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடும். விரிசல் விட்டால். அதற்குமேல் அவள் படிக்கவில்லை, நேற்றைய சாயங்காலம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நேற்று புதன்கிழமை. மழை ஊற்றியது, முழங்கால் வேறு வலி, நவநாளுக்குப் போகவில்லை என்று அவள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு நேற்று மட்டும் எங்கிருந்தோ பக்தி பொத்துக்கொண்டு வந்தது. என்ன பிலோமி, மாதாவைப் பார்க்கப் போகலையா? குடை எடுத்து வச்சிருக்கேன் பாரு. ஆட்டோ வேணா கூப்பிடவா? ஆறு வருஷமா ஒரு வாரம்கூட விட்டதில்லையே நீ, விடலாமா? மாதா ஒண்ணும் அட்டெண்டன்ஸ் எடுக்கிறதில்லைங்க, நீங்க உங்க மீனைப் போய்ப் பாருங்க என்றாள். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அப்புறம், இன்றைக்கு மாற்றியே ஆகணும், அவனுக்குப் புள்ளி ஏறுது என்று முனகிக்கொண்டு வாளியையும் குழாயையும் எடுத்து வந்தார். பாதித் தண்ணீரை வடித்தார். சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் வாரப்பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவர் பார்த்ததை அவள் பார்த்தாள், பார்த்து, ஈரக்கையால் சுவரை அசிங்கம் பண்ணாதீங்க என்றாள். ஹீட்டர் பாதி உடம்பு வெளியே தெரிய நின்றுகொண்டிருந்தது. அவர் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த மழைக்குளிர்த் தண்ணீரை வாளியோடு கவிழ்த்தார். டிக் என்று ஒரு சத்தம். என்னங்க சத்தம்? கூழாங்கல்லா இருக்கும் என்றார். கூழாங்கல்லா இருக்கும். இந்தக் காகிதத்தை அவர் படித்திருக்க வேண்டும். இல்லை, நான் கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நான் போயிருந்தாலும் சுவிட்ச் இங்கேதானே, பிளாஸ்திரியோடுதானே இருந்திருக்கும்.

தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர். அவருடையது இல்லை, அவருடையது இருமும். மணி பத்து ஐம்பது. அவள் குளியலறை ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, அதுவும் போதாது என்று மர மணையை எடுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, சுவிட்சுக்கு முன்னால் நின்றாள். ஐம்பத்தைந்து வயதுப் பொம்பளை, மணைமேல், குளியலறைச் செருப்போடு, ஆண்டவருக்கு முன்னால். பாரும், நன்றாகப் பாரும். உமக்கு வேறு வேலையே இல்லையா? அந்த மனுஷனைக் காப்பாற்றத்தான் விளக்கு, இப்போது அந்த மனுஷனைக் காப்பாற்ற அதை அணைக்க வேண்டும், இதில் நான் எதைச் செய்ய? ஒருவேளை இது வெறும் சர்க்கரையாக இருந்தால்? ஒன்றுமில்லாததற்கு வாக்கை உடைத்து, அவர் வருகிற வழியில், மேம்பாலத்தில், மழையில் வழுக்கி. ஒருவேளை சர்க்கரையாக இல்லாவிட்டால்? விரலை இன்னொரு தடவை விட்டுப் பார்த்துவிடலாம், எனக்கு என்ன ஆனால் என்ன. ஆனால் நான் விழுந்து கிடந்தால் இந்த ஆள் வந்து என்னைத் தூக்க முதலில் எதைத் தொடுவார் என்று யார் கண்டது? காப்பிப்பொடி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது அவருக்கு. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அணைக்கலாமா? விளக்கு என்றுதானே சொன்னேன், பல்பு என்று சொல்லவில்லையே. சீ, கடவுளிடம் வக்கீல் வேலை. வாயிற்கதவுக்கு வெளியே ஒரு இருமல், ஸ்டாண்ட் போடுகிற சத்தம், யாரிடமோ, ஆமா சார், உயிரோட வாங்கினாத்தான் தின்னும் என்கிற குரல். இவர்தான். மழையில் வழுக்கவில்லை. செருப்போடு நேரே வருவார். எண்ணாதே, பிலோமி, பிடுங்கு. அவள் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள், அழுத்திப் பிடித்து ஆறு வருஷம் இறுகினதைக் கிழிக்கத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டாள், அது தபால்தலை மாதிரி அலுங்காமல் கையோடு வந்தது. தட்டினாள். சிவப்பு போயிற்று. குமிழி நின்றது. பம்பின் முனகல் நின்ற அந்த அமைதியை இந்த ஹாலில் அவள் கேட்டதே இல்லை.

கதவு திறந்தது. சவரிராயன் ஒரு கையில் மருந்தும் மறு கையில் தண்ணீர் கட்டிய பையில் துள்ளுகிற இறாலுமாக, என்ன தம்பி எப்படி இருக்கே என்று பாதி சொல்லி, படத்தைப் பார்த்தார், மணையைப் பார்த்தார், மணைமேல் நிற்கிறவளைப் பார்த்தார். உயிரோடு நின்றார். நனைந்து, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, அசட்டுத்தனமாக, உயிரோடு.

"ஏன் பிலோமி அணைச்சே?" அவர் குரல் கிசுகிசுவென்று வந்தது.

"தண்ணி ஷாக் அடிக்குது. ஹீட்டர் வெடிச்சிருக்கு. நேத்து நீங்க சொன்ன கூழாங்கல் அதுதான்."

"உன் சர்க்கரை..."

"வாயை மூடுங்க. எடுத்துப் பாருங்க அதை. இப்ப எடுங்க, இப்ப ஒண்ணும் செய்யாது."

அவர் ஹீட்டரை உருவி வெளிச்சத்துக்குத் தூக்கினார். குழாயின் நீளத்துக்கு மயிரிழைபோல ஒரு கோடு. உள்ளே, சுருள் கம்பி இருக்கிற இடத்தில், பாதி வரைக்கும் தண்ணீர் நின்று ஆடியது. சவரிராயன் அதைப் பார்த்தார். பிறகு தம்முடைய வலதுகையைப் பார்த்தார். காலையில் கூப்பிட்டும் மேலே வராத மீனைப் பார்த்தார். மெதுவாகச் சோபாவின் கையில் உட்கார்ந்தார். இறால் பையை இன்னும் விடவில்லை. அவள் சொல்ல வேண்டியவை ஏழெட்டு நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன, எதை முதலில் விடுவது என்று பார்ப்பதற்குள் கையில் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்திரி கண்ணில் பட்டது. தொடாதே என்று எழுதியிருந்தது. ஆனால் நகப்பூச்சு இல்லை. சிவப்புப் பேனா. பிளாஸ்திரி ஆறு வருஷத்து மஞ்சள் ஏறாமல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதன் அடியில் சுவிட்சில் தூசி இல்லை. அடிக்கடி கை பட்ட இடம் போலப் பளபளத்தது.

"இது என் எழுத்து இல்லையே," என்றாள்.

அவர் இறால் பையின் முடிச்சைத் திருகினார்.

"என்னங்க. இது என் எழுத்து இல்லை."

"உன்னோடது முதல் வாரமே கிழிஞ்சு போச்சு," என்றார். "கரண்ட்ல கை வைக்க நான் என்ன பைத்தியமா? நீ கோயிலுக்குப் போனதும் அணைப்பேன். கழுவி முடிச்சிட்டுப் போட்டுட்டு, புதுசு ஒட்டிடுவேன். நீ வர்றதுக்குள்ள. நாப்பது நிமிஷம்தான்."

"ஒவ்வொரு புதனுமா?"

"ஒவ்வொரு புதனும்."

"ஆறு வருஷமா?"

"நேத்து நீ இங்கேயே உட்கார்ந்துட்டே." குரலில் குற்றச்சாட்டு இருந்தது. "உன் எதிர்ல எப்படி அணைக்கிறது? நீ அன்னைக்கு அந்த மோட்சராக்கினியைப் படுத்தின பாடு எனக்குத் தெரியாதா? அதோட... உனக்கு அந்த விளக்கு எதுக்குன்னும் தெரியும் எனக்கு. நர்ஸ் சொல்லிச்சு. உன் வீட்டம்மா வெளியே உட்கார்ந்து சத்தமா சாமிகிட்ட பேரம் பேசுதுன்னு."

பிலோமினா மணையிலிருந்து இறங்கினாள். மாசத்துக்கு ஒரு பிளாஸ்திரி. குடை எடுத்து வச்சிருக்கேன் பாரு. வாரத்துக்கு நாற்பது நிமிடம், வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு புதன், ஆறு வருஷம். அவள் கோயிலில் முட்டி போட்டுக்கொண்டு, விளக்கு எரிகிறது, அவர் இருக்கிறார் என்று தைரியமாக மணி உருட்டிய அத்தனை நேரமும் இங்கே இருட்டில், சட்டைக்கையை மடித்துக்கொண்டு, மீனோடு பேசிக்கொண்டு, இந்த மனுஷன் இருந்துகொண்டே இருந்திருக்கிறார். முந்நூறு தடவை. சிஸ்டர் மெக்டலின், பலகையில் எழுதினதை அழியுங்கள். இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் அணைத்தார். எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் நேற்று அணைக்காமலே தண்ணீரை மாற்றினார். அவருக்கு ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருந்தது. தலையைத் தடவிக்கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது, நனைந்து, வழுக்கையில் நாலு முடி ஒட்டிக்கொண்டு, கொண்டை ஒன்றுதான் குறைச்சல்.

"திருட்டு மனுஷன்," என்றாள். "அந்த இறாலை முதல்ல வாளியில விடுங்க, மூச்சு முட்டிச் சாகப்போகுது. தலையைத் துவட்டுங்க. நாளைக்கு அந்த எலக்ட்ரீசியனை வரச்சொல்லணும். டிரிப்பைத் திருப்பி மாட்டச் சொல்லணும், விளக்குக்குத் தனியா ஒரு பாயின்ட் போடச் சொல்லணும். நான் மன்னிப்புக் கேட்டேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்க."

"சரி," என்றார் அவர். எழுந்து சுவிட்சின் பக்கம் கையை நீட்டினார். "ஹீட்டர்தான் வெளியே வந்துடுச்சே. விளக்கைப் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்."

"கலெக்டருக்குக் காத்து வேணும் பிலோமி."

"ஒரு சொம்பால மொண்டு மொண்டு ஊத்துங்க. புதன்கிழமையெல்லாம் அப்படித்தானே செஞ்சிருப்பீங்க?"

அவர் சொம்பை எடுத்து வந்தார். மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார். குமிழிகள் எழுந்து இறங்கின, மூலையிலிருந்த கலெக்டர் சுவரைவிட்டு மெதுவாகத் திரும்பி, தொங்கிய கன்னத்தோடு, மனுவைப் பரிசீலிக்கலாமா என்பதுபோல மேலே வந்தது. அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. கலெக்டர் உள்ளங்கையில் தலையை வைத்தது.

அவள் சோபாவில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தில் பதினொன்று ஐந்து.

"எவ்வளவு நேரம் ஊத்தணும்?" என்று திரும்பாமல் கேட்டார்.

"நாப்பது நிமிஷம்," என்றாள் பிலோமினா. "இந்தத் தடவை நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."